ஆம்பூருக்குப் போய் பட்டூரா கேட்டவள்

டெல்லிக்காரர்களின் பூகோளப்படி விந்திய மலைக்குத் தெற்கே ஒரே ஒரு ஊர்தான் இருக்கிறது. அதற்குப் பெயர் மதராஸ். அதன் ஒரு தெருவில் ராமேஸ்வரம், அடுத்த தெருவில் திருப்பதி, முக்குத் திரும்பினால் வேலூர் ஆஸ்பத்திரி. அதனால்தான் என் வீட்டுக்காரம்மா பீஜிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, வேலூரில் ஆபரேஷன் என்று முடிவானதும் அவர் மகன் குல்தீப், "எஸ்தர் கூடப் போகட்டும். அவளுக்கு அது சொந்த ஊர்தானே" என்று சொல்லிவிட்டான். என் சொந்த ஊர் பாளையங்கோட்டை. வேலூரில் ஒரு கோட்டை உண்டு, ஒரு ஜெயில் உண்டு என்பதற்கு மேல் எனக்கும் அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எழுபதுகளின் கடைசி அது. நான் ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். கரோல்பாக்கில் பீஜி வீட்டு மொட்டை மாடி அறையில் வெகுநாளாகக் குடியிருந்தேன். ஒரு தடவை எனக்கு டைபாய்டு வந்தபோது பீஜிதான் பக்கத்தில் உட்கார்ந்து கிச்சடி ஊட்டினார், தலை வாரிவிட்டார், நான் மருந்து குடிக்க மறுத்தால் பஞ்சாபியில் திட்டினார். பெற்ற அம்மாவுக்கு அடுத்தபடி எனக்கு அவர்தான். ஆகவே ஊர் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் இருவருக்கும் ஒரு பழைய சண்டை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பீஜிக்குத் தெருமுனைக் கடையிலிருந்து சோலே பட்டூரா வந்தாக வேண்டும். கறுத்துக் குழைந்த கொண்டைக்கடலை மசாலா, பக்கத்தில் உப்பி நிற்கும் இரண்டு பட்டூரா, நறுக்கிய வெங்காயம், ஊறுகாய். மைதாவைத் தயிர் விட்டுப் பிசைந்து புளிக்கவைத்து எண்ணெயில் பொரிப்பதுதான் பட்டூரா. எண்ணெயில் குளித்த தலையணை என்று நான் கேலி செய்வேன். "உங்கள் இட்லி நோயாளிச் சாப்பாடு" என்று பீஜி திருப்பிக் கொடுப்பார். இப்போது அவரே நோயாளி ஆகியிருந்தார், ஆனால் இட்லியைப் பற்றிய கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

ரயில் நாக்பூர் தாண்டியதும் கொண்டுவந்த பராத்தா தீர்ந்தது. பீஜியின் பசியும் அங்கேயே இறங்கிவிட்டது. அதற்கப்புறம் வழியெல்லாம் டீயும் வாழைப்பழமும்தான்.

செவ்வாய்க்கிழமை காட்பாடியில் இறங்கினோம். ஜட்காக்காரர் பீஜியிடம் இந்தியில் பேசினார். என்னைப் பார்த்ததும், என்ன தோன்றியதோ, வங்க மொழிக்கு மாறினார். வேலூருக்கு வரும் நோயாளிகளில் பாதிப் பேர் கல்கத்தாப் பக்கத்துக்காரர்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நான் தமிழில் பதில் சொன்னதும் அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

"அட, நம்ம ஆளா? மொதல்லயே சொல்றதில்லியாம்மா? நானு கஷ்டப்பட்டு பெங்காலி பேசிக்கினு வர்றேன்!"

நம்ம ஆள் ஆனதற்காக வண்டிக் கூலியில் ஒன்றும் குறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் இறக்கிவிட்டார். அது லாட்ஜ் இல்லை, ஒரு குட்டி இந்தியா. ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அடுப்பும் பாத்திரமும் கீழே வாடகைக்குக் கிடைக்கும். ஓர் அறையில் கடுகெண்ணெயில் மீன் பொரிகிறது, அடுத்த அறையில் ஆந்திரா மிளகாய் வதங்கி மாடி முழுக்கத் தும்முகிறது. பீஜி மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, "ஆஸ்பத்திரியே தேவலை போலிருக்கிறது" என்றார். அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

புதன்கிழமை டாக்டரம்மா பார்த்தார். பீஜியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ரத்தம் மிகக் குறைவு. இப்படிப் பட்டினி கிடப்பவருக்கு ஆபரேஷன் செய்ய முடியாது. சனிக்கிழமை ஒரு படுக்கை காலியாகிறது. அன்றைக்கு வந்து சேர்ந்தால் ரத்தம் ஏற்றி, உடம்பைத் தேற்றி, பிறகு ஆபரேஷன். சேர விருப்பமில்லை என்றால் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும். தள்ளிப்போடுகிற கட்டி இல்லை இது.

நான் மொழிபெயர்த்தேன். பீஜி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் முடிவைச் சொன்னார்: "ஒரு தட்டு ஒழுங்கான சோலே பட்டூரா சாப்பிடாமல் நான் எந்தப் படுக்கையிலும் ஏற மாட்டேன். இந்த ஊரில் அது கிடைக்காது என்றால் சனிக்கிழமை எனக்கு டெல்லிக்கு டிக்கெட் எடு."

டாக்டரம்மா, "என்ன சொல்கிறார்?" என்றார். நான் கொஞ்சம் யோசித்து, "யோசிக்கிறேன் என்கிறார்" என்றேன். வெளியே வந்ததும் நர்ஸிடம் ரகசியமாகக் கேட்டேன், இந்த உடம்போடு எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடலாமா என்று.

"ஏங்க, மூணு நாளா டீ குடிச்சிக்கினு இருக்காங்கன்றீங்க. எதுனா உள்ள போனா சரி. அதுக்குன்னு தெனமும் குடுத்துடாதீங்க" என்று சிரித்தார் அந்த நர்ஸம்மா.

வேட்டை அங்கே தொடங்கியது. முதலில் பஜார் பக்கம் ஒரு ஓட்டல். உள்ளே பலகையில் சாக்கட்டியால் 'சோளா பூரி' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஊர்ப்பெருமை தலைக்கேறிவிட்டது. எங்கள் நாட்டில் என்னதான் கிடைக்காது!

"நாலு மணிக்கு மேலதாம்மா சோளா பூரி" என்றார் சர்வர். "இப்ப இட்லி, பொங்கல், வடை."

"ஒரு நோயாளிக்குங்க. இப்பவே ஒண்ணு போட்டுத் தர முடியாதா?"

"நோயாளிக்கு சோளா பூரியா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இட்லி வாங்கினு போம்மா. கொழந்தைக்கே குடுக்கலாம்."

டெல்லியில் காலையில் பட்டூரா சாப்பிட்டுவிட்டு மதியம் வரை நிமிராமல் இருப்பார்கள். இங்கே அது சாயங்கால டிபன். நேரம் தவறி வந்தால் ராஜாவே ஆனாலும் இட்லிதான். நான்கு மணிக்குப் பீஜியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். வந்தது. ஒற்றைப் பூரி, பீஜியின் முகத்தைவிடப் பெரியது, தட்டை மறைத்துக்கொண்டு நின்றது. பீஜி ஒரு விரலால் குத்தினார். ஆவி புஸ்ஸென்று போய்ப் பூரி படுத்துவிட்டது. கடலையில் தேங்காய், சோம்பு. அதற்குள்ளிருந்து கறிவேப்பிலை ஒன்றை இரண்டு விரலால் எடுத்து, "இது மரத்திலிருந்து தானாக விழுந்ததா?" என்று கேட்டார்.

அதற்குள் சரக்கு மாஸ்டரே தோளில் துண்டோடு வெளியே வந்துவிட்டார். டெல்லியிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"இன்னாம்மா சொல்றாங்க? நல்லா இல்லியா?"

பீஜி சொன்னது இதுதான்: "இது பூரிக்கு அண்ணன். பட்டூராவுக்கு இது ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை." நான், "ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றாங்க" என்றேன். மாஸ்டர் முகம் மலர்ந்து இன்னொன்று இலவசமாக அனுப்பினார். இரண்டையும் நான்தான் சாப்பிட்டேன், தேங்காயும் சோம்புமாக மணக்க மணக்க. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு லாட்ஜுக்கு எதிரே வங்காளி மெஸ். அங்கே லூச்சி என்று வெள்ளைவெளேரென்று குட்டிப் பூரி, கூடவே கடலைப்பருப்பில் ஒரு கூட்டு. பீஜி ஒரு வாய் வைத்தார். "சர்க்கரை! பருப்புக்குச் சர்க்கரை போடுகிற ஊரில் நான் உடம்பை அறுக்கக் கொடுக்க மாட்டேன்" என்றார். சர்க்கரை போட்டது வங்காளி, அறுக்கப்போவது வேறு ஆள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலையில் நானே களத்தில் இறங்கினேன். வாடகை அடுப்பு, வாடகை வாணலி, கடையில் வாங்கிய மைதா. பீஜி கட்டிலில் சாய்ந்தபடி கட்டளை இட்டார். நான் பொரித்தது எண்ணெயில் போனது போனபடி தட்டையாகவே கிடந்தது. அதைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "உன் ஆபீசருக்குக் கொண்டுபோய்க் கொடு. ஃபேன் காற்றில் பேப்பர் பறக்காமல் மேலே வைத்துக்கொள்வார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றும் ஒன்றும் சாப்பிடவில்லை. மாடிப்படி இறங்கும்போது அவர் கை என் தோளில் முந்தின நாளைவிட அதிகமாக அழுந்தியது. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த பெஞ்சில் பீஜி, கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் தன் வழக்கை எடுத்துரைத்தார். இந்த ஊரில் சோலே இல்லை, பட்டூரா இல்லை, சனிக்கிழமை ரயில் ஏறப்போகிறேன். பக்கத்தில் முழங்கால் வலிக்காக வந்திருந்த ஒரு பாய் அவருக்கு உருதுவில் ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். பெயர் பாஷா. ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் சூப்பர்வைசர்.

"எங்க வூட்ல டெல்லிக்காரங்கதாம்மா. சதர் பஜார். கட்டிக்கினு வந்து இருவது வருசம் ஆவுது. இன்னும் எங்க ஊரு உருதுவ கிண்டல் பண்ணிக்கினே இருக்காங்க."

"பட்டூரா செய்வாங்களா பாய்?"

"செய்வாங்களாவா! ஆனா யாரு கேக்கறாங்க? எங்க ஊர்ல பிரியாணிய வுட்டா வேற எதுவும் யாரும் கேக்க மாட்டாங்க. நாளைக்கு வெள்ளிக்கிழம, ஷெட்டு லீவு. வந்துருங்க."

வெள்ளிக்கிழமை பீஜியைப் பக்கத்து அறை வங்காளி அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஆம்பூர் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் பாலாறு கூடவே வந்தது, தண்ணீர் மட்டும் வரவில்லை. எங்கள் தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவளுக்கு ஆறு முழுக்க மணலைப் பார்த்தால் மனசு ஒப்பாது. ஊர் நெருங்குவதைக் கண்டக்டர் சொல்வதற்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது. பதனிடும் தோலின் வாடை. பஸ்ஸில் என்னைத் தவிர யாரும் முகம் சுளிக்கவில்லை. இறங்கி நாலு எட்டு வைத்ததும் அந்த வாடையை அடித்துக்கொண்டு பிரியாணி வாசனை வந்தது. காலைப் பலகாரம் செரிக்கும் முன்பே அந்த ஊரில் பிரியாணி தம் போட்டு இறக்கியாகிறது.

ஒரு டீக்கடையில் வழி கேட்டேன்.

"பாஷா பாய் வூடா? இன்னா விசேசம், பிரியாணியா?"

"இல்லைங்க. கொண்டைக்கடலை."

"ஆம்பூருக்கு வந்து கொண்டக்கடலையா!" கடைக்காரர் மட்டுமல்ல, பெஞ்சில் இருந்த எல்லாருமே என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள். ஒருவர் எழுந்து வந்து வீடு வரைக்கும் கொண்டுவிட்டார், வழியில் என் மனம் மாறினால் உதவட்டுமென்று இரண்டு பிரியாணிக் கடைகளையும் கைகாட்டிக்கொண்டே.

பாஷா பாயின் மனைவி ஷமீம், நாற்பதை ஒட்டிய வயது, கண்ணில் எப்போதும் ஒரு குறும்பு. டெல்லியிலிருந்து வந்த நான் இந்தியில் பேச, டெல்லியில் பிறந்த அவர் தமிழில் பதில் சொன்னார். "இருவது வருசம் கஷ்டப்பட்டு கத்துக்கினேன். பேச வுடு" என்றார். கடலை விடியற்காலையிலேயே வெந்து, டீத்தூள் முடிச்சுப் போட்டுக் கறுத்து, மாதுளை விதைப் பொடியின் புளிப்போடு தூக்குவாளியில் ஏறியிருந்தது. அந்தப் பொடியைக் கல்யாணத்துக்கு வந்ததிலிருந்து டெல்லியிலிருந்து வரவழைத்துக்கொண்டே இருக்கிறாராம்.

"பட்டூராவை இங்கேயே பொரித்துக் கட்டிக் கொடுத்துவிடுங்களேன்" என்றேன்.

"வேலூர் போறதுக்குள்ள தோலாயிடும். இந்த ஊர்ல இருக்கற தோலு போதாதா? நான் வர்றேன், அங்கயே போட்டுத் தர்றேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு கிழவிக்காக மாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்! ஆனால் அந்த வீட்டில் யாரையும் வெறும் வயிற்றோடு படி இறக்க மாட்டார்கள். எனக்குத் தட்டு நிறையப் பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு, தயிர் வெங்காயம். அந்தக் கத்திரிக்காயை நினைத்தால் இன்றும் எனக்கு வாயூறும்.

மாவுத் தூக்கு என் மடியில், கடலைத் தூக்கு ஷமீம் அக்கா மடியில். பஸ் மாதனூரைத் தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. ஸ்டெப்னி டயரும் காற்று இறங்கிக் கிடந்தது. டிரைவர் அதைத் தூக்கிக்கொண்டு லாரி ஏறிப் போய்விட்டார். வேலூர் வெயிலைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்ததெல்லாம் குறைவு. உள்ளே நாங்கள் அவிந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் என் மடியில் ஏதோ அசைந்தது. மூடி மெல்ல மேலே எழும்பியது. இடுக்கு வழியாக மாவு எட்டிப் பார்த்து, என் சேலையில் வழிந்து, பக்கத்து சீட்டில் இருந்த குடியாத்தத்து நெசவாளி விற்கக் கொண்டுபோன லுங்கிக் கட்டைத் தொட்டது.

"ஏம்மா, இன்னா இது? உயிரோட இருக்குதா?" என்று அவர் கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

கண்டக்டர் வந்து பார்த்து, "பொங்கினு வருதே. இதுக்கு தனியா ஒரு டிக்கெட் போடணும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. சிரிக்காதவர் ஷமீம் அக்கா மட்டும்தான். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இருவது வருசமா இந்த ஊரு வெயிலுக்கு ஏத்த மாதிரிதான் பிசையறேன். தயிர் கம்மி, பிசைஞ்ச ஒடனே பொரிக்கணும். இன்னிக்கு டெல்லிக்காரம்மா சாப்புடப் போறாங்களேன்னு எங்கம்மா டெல்லியில செய்யற மாதிரியே தயிர ஜாஸ்தி போட்டு விடியக்காலைலயே பிசைஞ்சி வெச்சிட்டேன். புளிச்சிப் போச்சி. இத அவங்க முன்னாடி எப்டி வெக்கறது? பேஜாராப் போச்சி. நான் எறங்கி வூட்டுக்குப் போறேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, நாளைக்குப் படுக்கை போயிடும். அவங்க அஞ்சு நாளாச் சாப்பிடலை. புளிச்சிருந்தாலும் வாங்க" என்றேன். என் குரல் உடைந்ததைக் கேட்டு லுங்கிக்காரர் உட்கார்ந்துவிட்டார். கட்டை அவிழ்த்து, தறியிலிருந்து இறங்கிய புதுத் துணியில் ஒரு துண்டை நனைத்துக் கொடுத்தார். "ஈரத்துணி சுத்தி வைம்மா, சூடு தணியும்." ஷமீம் அக்கா மாவை ஒரு குத்துக் குத்தி அடக்கி, அதைச் சுற்றி வைத்தார். அதன்பின் இறங்குகிற பேச்சை எடுக்கவில்லை.

சாயங்காலம் லாட்ஜ் வராந்தாவில் வாடகை அடுப்பு எரிந்தது. வங்காளி அம்மா, ஆந்திராக் குடும்பம் எல்லாரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். பீஜியை நாற்காலியில் உட்காரவைத்தோம். சாதி மதம் ஒன்றையும் அவர் விசாரிக்கவில்லை. "டெல்லியில் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டார். சதர் பஜார் என்றதும், அங்கே எந்தக் கடை பட்டூரா நல்லது என்று இருவருக்கும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. பஹாட்கஞ்ச் கடைதான் என்றார் ஷமீம் அக்கா. அந்தக் கடைக்காரன் கடலையைச் சரியாக வேகவைக்க மாட்டான் என்றார் பீஜி. அஞ்சு நாள் பட்டினி கிடந்தவர் குரல் மாதிரியே இல்லை.

முதல் பட்டூரா கிழிந்தது. ஷமீம் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது எண்ணெயில் ஒரு நொடி யோசித்துவிட்டு மெல்ல முழுசாக எழும்பியது. வராந்தாவே "ஆ" என்றது. பீஜி பிய்த்தார். இழுத்துப் பார்த்தார். கடலையில் தோய்த்து வாயில் வைத்தார். நான் அவருடைய குறைப் பட்டியலுக்குக் காத்திருந்தேன், இந்தத் தடவை மொழிபெயர்ப்பில் எதையும் மறைக்க முடியாதே என்று பயந்துகொண்டு. அவர் அந்த ஒன்றை முழுசாக முடித்தார். அடுத்ததையும் எடுத்துப் பாதி சாப்பிட்டார். பிறகு அப்படியே நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தார்.

"புளித்துவிட்டதா?" என்றார் ஷமீம் அக்கா பதறிப்போய்.

"புளிப்பு சரி" என்றார் பீஜி. "கடையில் இப்படித்தான் இருக்கும். உப்பு சரி. கடலை சரி. எல்லாம் சரியாக இருக்கிறது, எஸ்தர். இனிமேல் நான் எதைச் சொல்லி ஓடுவேன்?"

மூன்று நாளாகக் கறிவேப்பிலையையும் சர்க்கரையையும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவளுக்கு அவர் சொல்லாமல் விட்டது புரியவே இல்லை. அழுகைக்கு நடுவில்தான் விஷயம் வெளியே வந்தது: பீஜியின் அக்கா ஒருத்தி இதே கட்டிக்காக அமிர்தசரஸில் ஒரு ஆஸ்பத்திரிக்குள் தன் காலால் நடந்து போனாளாம். வெளியே வரவில்லையாம். அதை அவர் குல்தீப்பிடம்கூடச் சொன்னதில்லை.

ஷமீம் அக்கா ஜல்லிக் கரண்டியைக் கீழே வைத்தார். வாக்குவாதக் குரலை விட்டுவிட்டுத் தன் டெல்லி உருதுவில் மெல்லச் சொன்னார்: "நான் ஆம்பூருக்கு வந்த வருஷம், இந்த ஊர்த் தண்ணீரில் கடலை வேகாது, என்னைத் திருப்பி அனுப்புங்கள் என்று தினமும் சொல்வேன் பீஜி. கடலை நன்றாகத்தான் வெந்தது. எனக்குத்தான் பயம். இருந்து பார்த்தேன். போகவில்லை."

பீஜி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாணலியைப் பார்த்தார். வங்காளி அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் சும்மா காய்கிறது பார்" என்றார் பீஜி கடைசியில், தட்டை ஷமீம் அக்கா பக்கம் நீட்டி. "இன்னொன்று போடு. நாளைக்கு உள்ளே போய்ப் படுத்துவிட்டால் ஒரு மாசத்துக்கு இவர்கள் எனக்கு இட்லிதான் கொடுப்பார்கள்."